சான் ஹோசே சார்லி, தலைக்கு மேல பிராவோ: முதல் சோலோ கிராஸ் கன்ட்ரிக்கு முன்னாடி சில சந்தேகங்கள்

#1 தும்பி172

எல்லாருக்கும் வணக்கம். பாலோ ஆல்டோவுல செஸ்னா 172 ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கேன். பேட்டர்ன்ல (ஓடுபாதையைச் சுத்தி வர்ற வழக்கமான சுத்து) தனியா பறந்தாச்சு. அடுத்தது முதல் சோலோ கிராஸ் கன்ட்ரி: பாலோ ஆல்டோவுலேருந்து சலீனாஸ் போய்த் திரும்பணும். நேர்கோட்டுல 50 நாட்டிக்கல் மைலுக்குக் கொஞ்சம் மேல வருது, அதனால லைசென்ஸ் கணக்குக்கும் ஆகும்.

இதே வழியில இன்ஸ்ட்ரக்டரோட போயிட்டு வந்தாச்சு. டம்பார்டன் பாலம், சுனோல், கலவெரஸ் ஏரி, அப்புறம் மலையோரமா தெற்கே ஆண்டர்சன் ஏரி, சான் மார்ட்டின், ஹாலிஸ்டர், சலீனாஸ். அவர் பக்கத்துல இருக்கறப்போ ரேடியோவுல என்ன வந்தாலும் கவலையில்ல. இப்போ சார்ட்டை மேஜையில விரிச்சு வெச்சுத் தனியா யோசிக்கும்போதுதான் குடையுது. ஏ, பி, சி, டி, ஈ, ஜின்னு வான்வெளி வகுப்புகளோட அட்டவணை இருக்கே (ரேடியோவுல பி-யை பிராவோ, சி-யை சார்லி, டி-யை டெல்டான்னு சொல்றோம்), அதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனா இந்த மூணுக்கும் அட்டவணையில பதில் இல்ல:

1. நார்கால் அப்ரோச்சைக் (இந்தப் பகுதி வானத்தை ராடார்ல பார்த்துக்கற கண்ட்ரோல் நிலையம்) கூப்பிடறேன். என் கால்சைனை, அதாவது விமானத்தோட அழைப்புப் பெயரைச் சொல்லி, "ஸ்கைஹாக் ஃபோர் ஃபைவ் டெல்டா, ஸ்டாண்ட்பை" (பொறுங்க)ன்னு மட்டும் பதில் வருது. சான் ஹோசே சார்லி கோடு ரெண்டு மைல் தள்ளி. உள்ள போகலாமா, வெளியவே வட்டம் போடணுமா?

2. ஃப்ளைட் ஃபாலோயிங் (ராடார்ல பார்த்து மத்த விமானங்களைச் சொல்ற உதவி) கிடைச்சு, "ராடார் காண்டாக்ட்"டும் சொல்லிட்டாங்க. மேல சான் ஃபிரான்சிஸ்கோ பிராவோ அடுக்கு இருக்கு. கொஞ்சம் ஏறினா தப்பா? அவங்க பார்த்துக்கிட்டுதானே இருக்காங்க?

3. சலீனாஸ் டெல்டா வரும்போது இன்னும் அப்ரோச் ஃப்ரீக்வென்சியிலேயே இருந்தா, அதுவே போதுமா? இல்ல டவர்கிட்ட நானா தனியாப் பேசணுமா?

#2 கணக்குப்புலி

1. நுழையலாம். எஃப்.ஏ.ஏ.வின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) விதி 91.130 கேட்பது இருவழித் தொடர்பு மட்டுமே. அனுமதி என்ற சொல்லே அங்கே கிடையாது. கண்ட்ரோலர் உங்கள் கால்சைனைச் சொல்லிவிட்டால் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. பின்னால் "ஸ்டாண்ட்பை" ஒட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். மாறாக "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை" என்று வந்தால் அவர் யாரையோ சொல்கிறார், உங்களை அல்ல. வெளியே இருங்கள். கால்சைனைச் சொல்லியே "ரிமெய்ன் அவுட்சைட் சார்லி ஏர்ஸ்பேஸ்" என்றாலும் வெளியேதான்.

2. தப்பு. பிராவோவுக்கு வெளிப்படையான க்ளியரன்ஸ் வேண்டும். ராடாரில் தெரிவதும் அனுமதி பெறுவதும் வேறு வேறு.

3. இதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியும் டவரோடு பேசிவிடுங்கள்.

#3 நெய்தல்

புலி சார் சட்டப்படி சரியா சொல்லிட்டார். நான் ரீட்-ஹில்வியூவுல கத்துக்கிட்டவ. எங்களுக்கு சார்லி வாசப்படியிலேயே நிக்கும். டேக் ஆஃப் ஆகி நிமிர்றதுக்குள்ள கோடு வந்துடும். அதனால ஒண்ணு சொல்றேன்: ரெண்டு மைல்ல கூப்பிடற நிலைமையே வரக் கூடாது.

சுனோல் வர்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டுடுங்க. முதல் அழைப்புல கதை சொல்லாதீங்க. "நார்கால் அப்ரோச், ஸ்கைஹாக் ஃபோர் ஃபைவ் டெல்டா, ஸ்டூடண்ட் பைலட், வி.எஃப்.ஆர். ரிக்வெஸ்ட்." அவ்வளவுதான். (வி.எஃப்.ஆர்.னா கண்ணால வெளிய பார்த்துப் பறக்கறது.) அவர் "கோ அஹெட்"ன்னதுக்கப்புறம் எங்க இருக்கீங்க, எந்த உயரம், எங்க போகணும், எந்த வழியா. சனிக்கிழமை காலையில அந்த ஃப்ரீக்வென்சி மீன் மார்க்கெட் மாதிரி இருக்கும். அதுக்குள்ள நீங்க ஜாதகம் வாசிச்சா அவரு "ஸ்டாண்ட்பை"ன்னுதான் சொல்லுவார்.

செக்ரைடுல, அதாவது லைசென்ஸ் தேர்வுல, எக்ஸாமினர் அட்டவணையைக் கேக்கவே இல்ல. சார்ட்ல ஒரு இடத்துல பேனாவை வெச்சார். "இங்க 3,000 அடியில இருக்க. எந்த ஏர்ஸ்பேஸ்? நேரா 500 அடி ஏறினா எது? இடது பக்கம் ஒரு மைல் போனா எது?" இதே கேள்வியைப் பேனாவை நகர்த்தி நகர்த்திக் கேட்டுக்கிட்டே இருந்தார். வீட்டுல இப்படிப் பழகிப் பாருங்க. செக்ஷனல் (வழக்கமான சார்ட்) வேண்டாம், டெர்மினல் ஏரியா சார்ட் வெச்சுக்கங்க. அது ரெண்டு மடங்கு பெருசா வரைஞ்சது, 1:2,50,000. பிராவோ அடுக்குகள் அதுலதான் கண்ணுக்குப் பிரிஞ்சு தெரியும்.

#4 கழுகுமலை

இன்ஸ்ட்ரக்டர்ங்கிற முறையில கொஞ்சம் நீளமா எழுதுறேன். பொறுத்துக்கிடுங்க.

தம்பி, நீங்க ஒப்பிக்கிற அட்டவணையில நிறம், உயரம், மேகத் தூரம் எல்லாம் இருக்கு. கோட்டைத் தாண்டும்போது அதுல பாதி உதவாது. அந்த நேரத்துல உங்க காதுல என்ன விழுந்திருக்கணும், அதுதான் கேள்வி. சார்லிக்கும் டெல்டாவுக்கும் உங்க கால்சைன் விழுந்திருக்கணும். பிராவோவுக்குக் கால்சைனோட "க்ளியர்ட் இன்டு த பிராவோ", இல்லேன்னா "க்ளியர்ட் த்ரூ" விழுந்திருக்கணும். ஈ-க்கு எதுவும் விழ வேண்டாம். ஏ-க்கு, அதாவது 18,000 அடிக்கு மேல, உங்களுக்கு வேலையே இல்லை.

ஈ பற்றி ஒரு வார்த்தை. "கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்"னாலே யார்கிட்டயாவது பேசணும்னு பல பிள்ளைங்க நினைக்குது. ஈ-யும் கன்ட்ரோல்டுதான். ஆனா வி.எஃப்.ஆர்.ல போறவன் அங்க வாயே திறக்க வேண்டாம். சான் மார்ட்டின்ல டவர் கிடையாது, நீங்க அதைக் கடக்குற உயரத்துல வானம் ஈ. அங்க உங்களைக் கட்டுப்படுத்துறது வானிலை விதி ஒண்ணுதான்: 3 மைல் பார்வை, மேகத்துக்குக் கீழே 500 அடி, மேலே 1,000, பக்கவாட்டுல 2,000. (10,000 அடிக்கு மேல வேற கணக்கு, 172-ல அந்தக் கவலை வேண்டாம்.) ஐ.எஃப்.ஆர்.ல, அதாவது கருவிகளைப் பார்த்துப் பறந்து, ஒருத்தன் மேகத்துக்குள்ளேயிருந்து வெளிய வந்தா, உங்களைப் பார்த்து விலக அவனுக்கு இடம் வேணுமில்லையா? அதுக்குத்தான் இந்த இடைவெளி.

பிராவோவைத் தலைகீழா நிறுத்தின கோபுரம்னு வெச்சுக்கிடுங்க. விமான நிலையத்துக்கிட்ட தரையைத் தொடும், வெளிய போகப் போக அடுக்கு அடுக்கா உயரும். சார்ட்ல ஒவ்வொரு அடுக்குலயும் மேல ஒரு எண், கீழ ஒரு எண். 100-க்குக் கீழ 40 போட்டிருந்தா, 4,000 அடியில தொடங்கி 10,000 வரைக்கும் பிராவோ. கடல் மட்டத்துலேருந்து கணக்கு, தரையிலேருந்து இல்லை. இதுல தடுமாறுறவன் அதிகம். மலை மேல பறக்கும்போது தரை கிட்ட இருக்கிற மாதிரித் தெரியும், "நான் தாழ்வாத்தானே இருக்கேன்"னு ஏறிடுவான். ஆல்டிமீட்டரை நம்புங்க. அதையும் சரியான பிரஷருக்குத் திருப்பி வெச்சுட்டு நம்புங்க. 0.10 இன்ச் தப்பா வெச்சா 100 அடி போச்சு. அடுக்கோட அடிக்கோட்டுலேருந்து 200, 300 அடி கீழேயே பறங்க. அந்தக் கோட்டை உரசிக்கிட்டுப் போறதுல ஒரு பெருமையும் இல்லை.

மூணாவது கேள்வி. அப்ரோச்சோட பேசிக்கிட்டு டெல்டாவைக் குறுக்க கடக்குறீங்கன்னா, டவர்கிட்ட சொல்லிவைக்கிற பொறுப்பு அந்த கண்ட்ரோலரோடது. அவங்க கையேட்டுல அப்படித்தான் இருக்கு. ஆனா நீங்க சலீனாஸ்ல இறங்கப் போறீங்க. வழக்கமா அவரே "கான்டாக்ட் சலீனாஸ் டவர்"னு மாத்திவிடுவார். மாத்தாம இருந்து ஏழெட்டு மைல் நெருங்கிட்டா நீங்களே கேளுங்க. சில சமயம் "ராடார் சர்வீஸ் டெர்மினேட்டட், ஸ்குவாக் வி.எஃப்.ஆர்."னு விட்டுருவாங்க. அந்த நொடியிலேருந்து உங்களுக்காக யாரும் யாரோடயும் பேசலை. ட்ரான்ஸ்பாண்டரை (ராடாருக்கு உங்க குறியீட்டைச் சொல்ற கருவி) வி.எஃப்.ஆர். குறியீடான 1200-க்குத் திருப்புங்க, டவரைக் கூப்பிடுங்க, கால்சைனைக் கேட்டப்புறம் கோட்டைத் தாண்டுங்க.

பக்கத்துலேயே மான்டரே இருக்கு, அது சார்லி. இறங்குற உயரம், வழி ரெண்டையும் அதைத் தொடாம முன்னாடியே போட்டுவெச்சிருங்க.

#5 தும்பி172

அண்ணே, ரொம்ப நன்றி. பிராவோவுல இன்னும் ஒண்ணு. திரும்பி வரும்போது அவரே கருணை காட்டி "க்ளியர்ட் இன்டு த பிராவோ"ன்னு சொல்லிட்டா? அந்த வார்த்தை விழுந்தாச்சு. அப்போ போகலாம்தானே?

#6 கழுகுமலை

போகக் கூடாது! இதைக் கேட்டதுக்கு உங்களுக்கு ஒரு காபி.

அந்தக் கண்ட்ரோலருக்கு உங்க லாக்புக் தெரியாது. அவர் கொடுக்கிற க்ளியரன்ஸ் அவர் பக்கத்துக் கதவைத்தான் திறக்கும். உங்க பக்கத்துக் கதவு விதி 61.95. மாணவர் தனியா பிராவோவுக்குள்ள போகணும்னா, அதே பிராவோவுக்காகத் தரையிலயும் வானத்துலயும் பயிற்சி எடுத்திருக்கணும், இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கணும், அந்தக் கையெழுத்துக்கு 90 நாள்தான் ஆயுசு. லாஸ் ஏஞ்சலஸ் பிராவோவுக்கு வாங்கினது சான் ஃபிரான்சிஸ்கோவுல செல்லாது.

அது இல்லாம க்ளியரன்ஸ் வந்தா பதில் ஒண்ணுதான்: "அனேபிள், ஸ்டூடண்ட் பைலட், நோ பிராவோ எண்டோர்ஸ்மென்ட்." "அனேபிள்"னா முடியாது, எண்டோர்ஸ்மென்ட்னா அந்தக் கையெழுத்து. ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க. வேற ஹெடிங் குடுப்பாங்க, இல்லைன்னா "ரிமெய்ன் அவுட்சைட் பிராவோ"ன்னு சொல்லுவாங்க, முடிஞ்சுது.

பிராவோவைக் கடக்குறது ஒண்ணு, அதுக்குள்ள இருக்கிற ஏர்போர்ட்ல இறங்குறது இன்னொண்ணு. இறங்குறதுக்கு அந்த ஏர்போர்ட்டுக்குன்னே தனிப் பயிற்சி, தனிக் கையெழுத்து வேணும். எஸ்.எஃப்.ஓ. (சான் ஃபிரான்சிஸ்கோ) மாதிரி சில பெரிய ஏர்போர்ட்ல யார் கையெழுத்துப் போட்டாலும் மாணவர் சோலோவா இறங்க முடியாது. ஓஹேர், ஜே.எஃப்.கே., லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு.

அதே மாதிரி இன்னொண்ணு: கண்ட்ரோலர் கொடுத்த ஹெடிங் உங்களை பிராவோ அடுக்குக்குள்ள கொண்டுபோற மாதிரித் தெரிஞ்சா, அவர் சொன்னார்னு கண்ணை மூடிக்கிட்டுப் போகாதீங்க. எண்டோர்ஸ்மென்ட் இல்லைன்னு உடனே சொல்லுங்க. லைசென்ஸ் வாங்கினப்புறம் இதே நிலைமை வந்தா "கன்ஃபர்ம் க்ளியர்ட் இன்டு பிராவோ?"ன்னு கேளுங்க. பாலோ ஆல்டோ டவர் "க்ளியர்ட் ஃபார் டேக் ஆஃப்"னு சொன்னது ஓடுபாதைக்கு மட்டும்தான். அந்த "க்ளியர்ட்" மேல இருக்கிற பிராவோவுக்குச் செல்லாது.

#7 மட்டையடி_மன்னன்

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கவும். நானும் மாணவன்தான். எனக்கு இதெல்லாம் ஓவராத் தெரியுது. 100 நாட் வேகத்துல போற ரெண்டு சீட்டு டப்பா. அதுக்கு இத்தனை கோடு, இத்தனை எண், கையெழுத்து, 90 நாள். எல்லாம் ஏர்லைன்ஸ்காரன் வசதிக்காக. மேல காலியாக் கிடக்கற வானத்துக்குக் கீழ நம்ம தலை குனிஞ்சு போகணும். ஏ.டி.எஸ்-பி (விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பற கருவி) வந்தப்புறம் எல்லாரும் எல்லாரையும் திரையில பார்க்கறோம். இன்னும் எதுக்கு இந்தப் பழைய கோடுகள்?

#8 மலைக்கோட்டை

மன்னா, அந்த டப்பாவால என்ன ஆகும்னு கேளுங்கள்.

1986 ஆகஸ்ட் 31. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டாரன்ஸ் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு பைப்பர் ஆர்ச்சர் கிளம்பியது. உள்ளே மூன்று பேர், பிக் பேர் மலைக்குப் போகிறார்கள். அன்று பிராவோ என்ற பெயர் இல்லை. டெர்மினல் கன்ட்ரோல் ஏரியா என்பார்கள். எழுத்துப் பெயர்கள் 1993-ல்தான் வந்தன. க்ளியரன்ஸ் இல்லாமல் அந்த ஏரியாவுக்குள் ஆர்ச்சர் நுழைந்துவிட்டது. வேண்டுமென்று இல்லை, தவறுதலாக. அதன் ட்ரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லும் வகை அல்ல. எதிரே மெக்சிகோவிலிருந்து ஏரோமெக்சிகோ 498, டி.சி-9, இறங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 6,500 அடியில், செரிட்டோஸ் ஊருக்கு மேலே, டி.சி-9-ன் வாலில் ஆர்ச்சர் மோதியது. ஜெட்டில் 64 பேர், ஆர்ச்சரில் 3 பேர், கீழே வீடுகளில் இருந்த 15 பேர். மொத்தம் 82 உயிர்.

நல்ல வெயில் நாள், பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பெரிய ஏர்போர்ட்டைச் சுற்றி 30 மைலுக்கு, உயரத்தையும் சொல்லும் மோட் சி ட்ரான்ஸ்பாண்டர் கட்டாயம் என்ற வளையம் இதற்குப் பிறகு வந்தது. ஏர்லைன்ஸ் விமானங்களில் மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டி.கேஸ் கருவி கட்டாயமானதும் இதற்குப் பிறகுதான். 2020 ஜனவரி 1 முதல் அதே வளையத்துக்குள் ஏ.டி.எஸ்-பி அவுட்டும் சேர்ந்துகொண்டது. நீங்கள் நம்பும் அந்தத் திரை இந்த வரிசையில் கடைசியாக வந்தது. திரையில் பார்க்கலாம் என்பதற்காகக் கோடு தேவையில்லை என்பது எனக்கு ஒப்பவில்லை. ஜெட் 250 நாட்டில் வரும்போது திரையில் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, நிமிர்ந்து வெளியே பார்ப்பதற்குள் நேரம் போய்விடும்.

ஏர்லைன்ஸ்காரன் வசதிக்கு என்றீர்களே, அதில் பாதி உண்மை. அவர்களுக்கும் விதி உண்டு: பிராவோ அடுக்குக்குக் கீழே வந்தால் 200 நாட்டைத் தாண்டக் கூடாது. நாம் அங்கே இருக்கிறோம் என்பதால்தான்.

#9 மட்டையடி_மன்னன்

செரிட்டோஸ் விஷயம் தெரியாது. சரி, ஒத்துக்கறேன். ஆனா பே ஏரியாவுல பிராவோ அடுக்குகள் தேவைக்கு மேல தாழ்வா இருக்குங்கறதுல என் கருத்து மாறல.

#10 வன்னிக்குருவி

டொரொண்டோவில இருந்து எழுதுறன். பட்டன்வில்லில தொடங்கினனான். 2023 முடிவில அதை மூடினாப் பிறகு ஒஷாவாவுக்கு மாறிட்டன்.

இதை வாசிக்கிற எங்கட கனடாப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே புலி அண்ணா சொன்ன "கால்சைன் கேட்டாப் போதும், சார்லிக்குள்ள போகலாம்" எண்டது அமெரிக்காவுக்கு மட்டும்தான். இஞ்ச கனடாவில சார்லிக்குள்ள போறதுக்கு வி.எஃப்.ஆர். காரருக்கும் க்ளியரன்ஸ் வேணும். "ஸ்டாண்ட்பை" எண்டு சொன்னா வெளியில நிண்டு காவல் இருக்க வேணும். டெல்டாவுக்குத்தான் இருவழித் தொடர்பு காணும். அமெரிக்க யூடியூப் பாத்துப் படிக்கிற பெடியள் இதில நல்லாக் குழம்புறாங்கள்.

இன்னொண்டு, எங்களிட்ட எஃப் எண்டு ஒரு வகுப்பு இருக்கு. பரசூட், கிளைடர், பயிற்சிப் பறப்பு நடக்கிற இடங்கள். அமெரிக்கச் சார்ட்டில எஃப் இல்லை.

#11 கணக்குப்புலி

நல்ல குறிப்பு. சர்வதேச வகைப்பாட்டில் பி, சி, டி மூன்றுக்குமே வி.எஃப்.ஆர். விமானம் க்ளியரன்ஸ் பெற வேண்டும். அமெரிக்காதான் சி, டி இரண்டையும் தளர்த்தி வைத்திருக்கிறது. எனவே எந்த நாட்டில் பறக்கிறோமோ அந்த நாட்டுப் புத்தகம்.

தும்பி கேட்காமல் விட்ட ஒன்று: வானிலை. ஜி வான்வெளியில் பகலில், தரையிலிருந்து 1,200 அடிக்குள், 1 மைல் பார்வை இருந்தால் போதும் என்று உங்கள் அட்டவணை சொல்லும். அது உங்களுக்கு இல்லை. விதி 61.89-ன்படி மாணவர் சோலோவுக்குப் பகலில் குறைந்தது 3 மைல், இரவில் 5 மைல். எந்த வான்வெளியாக இருந்தாலும் இதுதான்.

#12 கழுகுமலை

புலி சொன்னதோட சேர்த்து அதே விதியில இன்னொண்ணையும் பாருங்க தம்பி, உங்க ரூட்டுக்கு அதுதான் முக்கியம். மாணவர் தரை தெரியாம பறக்கக் கூடாது. மேகத்துக்கு மேல போயிட்டு ஓட்டை வழியா இறங்குறது பிரைவேட் பைலட்டுக்குச் சட்டப்படி சரி. உங்களுக்குக் கிடையாது.

இப்போ சலீனாஸை யோசிங்க. கோடைக்காலத்துல மான்டரே விரிகுடாவுலேருந்து ஸ்ட்ரேட்டஸ், அதாவது தாழ்வான மேகப் படலம், பள்ளத்தாக்குக்குள்ள வந்துரும். பாலோ ஆல்டோ தெளிவா இருக்கும், ஹாலிஸ்டர்ல வெயில் அடிக்கும், மலையைத் தாண்டினா கீழ வெள்ளைப் போர்வை. மேலேயிருந்து பார்க்க அவ்வளவு அழகு! பிள்ளைங்க அதுக்கு மேலேயே போயிரும், "ஏர்போர்ட் பக்கத்துல திறந்திருக்கும்"னு. ஹாலிஸ்டர்லேயே முடிவு எடுங்க. அங்கேயிருந்து சலீனாஸ் ஏடிஸை (ரேடியோவுல ஓடுற ஏர்போர்ட் வானிலை ஒலிப்பதிவு) கேளுங்க. மேகம் மூடியிருக்குன்னா திரும்புங்க. ஏடிஸ் எட்டலைன்னா நார்கால்கிட்ட கேட்டா சொல்லுவாங்க.

ஸ்பெஷல் வி.எஃப்.ஆர். கேட்கலாமான்னு அடுத்த கேள்வி வரும், தெரியும். டெல்டாவுல மேகக் கூரை 1,000 அடிக்குக் கீழ வந்துட்டா, 1 மைல் பார்வையும் மேகத்தைத் தொடாம இருக்கிறதும் போதும்னு விடுற தனி அனுமதி அது. பைலட்டே கேட்டாத்தான் கிடைக்கும். உங்களுக்கு அப்பவும் 3 மைல் இருக்கணும். அது இருந்தாலும் என் மாணவர் லாக்புக்ல "ஸ்பெஷல் வி.எஃப்.ஆர். கிடையாது"ன்னு நான் எழுதித்தான் அனுப்புவேன். இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்ல எழுதுற கட்டுப்பாடும் உங்களுக்கு விதிதான். ஏதோ யோசனை சொல்றார்னு எடுத்துக்கிடாதீங்க. உங்கவர் என்ன எழுதியிருக்கார்னு இன்னைக்கே எடுத்துப் படிங்க.

#13 மட்டையடி_மன்னன்

நெய்தல் அக்கா முதல் அழைப்புலேயே "ஸ்டூடண்ட் பைலட்"னு சொல்லச் சொல்றாங்க. எனக்கு அது பிடிக்கல. சொன்னவுடனே குரல் மாறிடுது, சின்னப் பிள்ளைகிட்ட பேசற மாதிரி. ஒரு தடவை சொன்னதுக்கு "அப்ப வெளியவே இரு"ன்னு சார்லியைச் சுத்த விட்டாங்க.

#14 நெய்தல்

குரல் மாறட்டுமே! மாறணும்னுதானே சொல்றது. மெதுவாப் பேசுவாங்க, ஒரே மூச்சுல நாலு விஷயம் அடுக்க மாட்டாங்க, பின்னாடி வர்ற சைட்டேஷன் ஜெட்காரனுக்கும் நீங்க யாருன்னு தெரிஞ்சுடும். எஃப்.ஏ.ஏ. கையேடே மாணவர்களைச் சொல்லச் சொல்லுது. சுத்த விட்டாங்கன்னா சுத்துங்க. கூடப் பத்து நிமிஷம் பறக்கறதும் லாக்புக்ல ஏறும்ல?

சொன்னது புரியலைன்னா தலையாட்டற மாதிரி "ராஜர்" போடறது இருக்கே, அதுதான் ஆபத்து. "சே அகெய்ன்" கேக்க வெக்கப்படாதீங்க. "ராஜர்"னா கேட்டுச்சுன்னுதான் பொருள், செய்யறேன்னு இல்ல. "ரிமெய்ன் அவுட்சைட் பிராவோ"ன்னா அப்படியே திருப்பிச் சொல்லுங்க, கால்சைனோட.

#15 மலைக்கோட்டை

நெய்தல் பக்கம் என் ஓட்டு. எனக்குத் தெரிந்து கேலி செய்த கண்ட்ரோலர் அபூர்வம். அவசர நேரத்தில் எரிந்து விழுந்தவர் உண்டு, அது மாணவரிடம் மட்டும் இல்லை.

#16 தும்பி172

இத்தனையும் தெரிஞ்சும், காத்து தள்ளி ஒரு மூலையில கோட்டைத் தாண்டிட்டேன்னு வெச்சுக்கலாம். என்ன ஆகும்? லைசென்ஸே கிடைக்காதா? ஹெச்-1பி-ல இருக்கேன், அந்தப் பயமும் சேர்ந்துக்குது.

#17 நெறியாளர்

விசா, டி.எஸ்.ஏ. பாதுகாப்புச் சோதனை பற்றிய கேள்விகளுக்குத் தனி இழை இருக்கு. அந்தப் பகுதியை அங்க கேளுங்க. மத்தது இங்கேயே தொடரலாம்.

#18 மலைக்கோட்டை

ரேடியோவில் ஒரு வாக்கியம் வரும்: "பாசிபிள் பைலட் டீவியேஷன், அட்வைஸ் வென் ரெடி டு காப்பி எ ஃபோன் நம்பர்." எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே வாதாடக் கூடாது. முதலில் விமானத்தை ஓட்டுங்கள், பத்திரமாக இறங்குங்கள். அப்புறம் உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் பேசுங்கள். அவரைக் கூட வைத்துக்கொண்டு அந்த எண்ணைக் கூப்பிடலாம்.

வேண்டுமென்று செய்யாத, நேர்மையாக ஒப்புக்கொள்கிற தவறுக்கு எஃப்.ஏ.ஏ. இப்போது பெரும்பாலும் மறுபயிற்சியைத்தான் கேட்கிறது. 2015-லிருந்து அதுதான் அவர்கள் போக்கு. மாணவர் என்றால் "இன்ஸ்ட்ரக்டரோடு இந்தப் பாடத்தைத் திரும்பப் பாருங்கள்" என்ற அளவில் முடிய வாய்ப்பு அதிகம். அலட்சியமாக நடந்துகொண்டாலோ, பொய் சொன்னாலோ கதை வேறு.

இன்னொன்று, நாசா ரிப்போர்ட். ஏ.எஸ்.ஆர்.எஸ். என்பார்கள், 1976-லிருந்து நடக்கிறது. தெரியாமல் நடந்த மீறலைப் பத்து நாளுக்குள் அங்கே எழுதிவிட்டால், எஃப்.ஏ.ஏ. மீறல்தான் என்று முடிவு செய்தாலும் தண்டனையை விதிக்காது. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை இல்லை, முந்தைய ஐந்து வருடத்தில் மீறல் முடிவாகியிருந்தாலும் இல்லை. இதை நடத்துகிற இடம் எது தெரியுமா? உங்கள் பாலோ ஆல்டோவுக்கு அடுத்த வீடான மாஃபெட் ஃபீல்டில் இருக்கும் நாசா ஏம்ஸ். நீங்கள் டவுன்விண்டில் திரும்பும்போது தெரியுமே, அந்தப் பிரமாண்டமான ஆகாயக்கப்பல் கொட்டகை, அந்த வளாகம்தான்.

பி.கு.: மாஃபெட்டும் தனி டெல்டா. பாலோ ஆல்டோ டவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் தென்கிழக்கே நீளமாக இழுத்துவிடாதீர்கள்.

#19 தும்பி172

எல்லாருக்கும் கும்பிடு. இன்ஸ்ட்ரக்டர் எழுதினதை எடுத்துப் படிச்சேன். பிராவோ எண்டோர்ஸ்மென்ட் இல்ல. காத்து 10 நாட்டுக்கு மேல இருந்தா வேண்டாம், மேகக் கூரை 3,500-க்குக் கீழ இருந்தா வேண்டாம்னு இருக்கு. ஸ்பெஷல் வி.எஃப்.ஆர். பற்றி ஒண்ணும் இல்ல, கேட்டு எழுதி வாங்கிடறேன்.

சுனோலுக்கு முன்னாடியே நார்காலைக் கூப்பிடறதா திட்டம். பிராவோ அடுக்குக்குக் கீழ போற பகுதிகள்ல எந்த அடுக்கு எவ்வளவு உயரம்னு நீபோர்டுல (தொடையில கட்டற பலகை) ஒரு சீட்டுல எழுதிவெச்சிருக்கேன். ஐபேட் சூடாகி அணைஞ்சுட்டாலும் கையில இருக்கும். வர்ற சனிக்கிழமை மதியம் போகலாம்னு பார்க்கறேன்.

#20 நெய்தல்

சனிக்கிழமை மதியமா? ஃபுட்பால் சீசன். ஸ்டான்ஃபோர்டுக்கு சொந்த ஊர் மேட்ச் இருக்கான்னு பார்த்தீங்களா?

#21 தும்பி172

மேட்சுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

#22 கழுகுமலை

இருக்கு தம்பி. 30,000 பேர் அல்லது அதுக்கு மேல உட்காருற ஸ்டேடியத்துல என்.எஃப்.எல்., மேஜர் லீக் பேஸ்பால், பெரிய காலேஜ் ஃபுட்பால் நடந்தா, அதைச் சுத்தி 3 நாட்டிக்கல் மைல், தரையிலேருந்து 3,000 அடி வரைக்கும் மூடிருவாங்க. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாடியிலேருந்து, முடிஞ்சு ஒரு மணி நேரம் வரைக்கும். அது சார்ட்ல வட்டமா வராது, நோட்டம்ல (பைலட்டுகளுக்கான அறிவிப்பு) பொதுவா ஒரே அறிவிப்பாக் கிடக்கும், ஆட்ட நேரத்தை நீங்கதான் தேடிக்கிடணும். ஸ்டான்ஃபோர்டு ஸ்டேடியம் உங்க ஓடுபாதைக்கு எவ்வளவு கிட்டன்னு சார்ட்ல அளந்து பாருங்க. ஏ.டி.சி.யோட பேசிக்கிட்டு, அவங்க அனுமதியோட ஏர்போர்ட்டுக்கு வந்துபோறவங்களுக்கு வழி இருக்கு. அதனால ஏர்போர்ட் பூட்டிக்கிடாது, ஆனா டவர் சொல்ற வழியை விட்டு விலகக் கூடாது. சான்டா கிளாராவுல லீவைஸ் ஸ்டேடியத்துக்கும் இதேதான், அது பெரும்பாலும் ஞாயிறு.

ஆட்டம் இருந்தா காலையிலேயே போயிட்டு வந்துருங்க. கிளம்புறதுக்கு முன்னாடி 1-800-டபிள்யூ.எக்ஸ்-ப்ரீஃபைக் கூப்பிட்டு, ரூட்டைச் சொல்லி, டி.எஃப்.ஆர்., அதாவது இந்த மாதிரித் தற்காலிகத் தடை, எதுவும் இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஜனாதிபதி நிதி திரட்ட ஊருக்கு வர்றார்னா 30 மைல் வட்டம் விழும், அதுக்குள்ள பயிற்சிப் பறப்பே கிடையாது. இந்தப் பக்கம் அது அடிக்கடி நடக்கும்.

#23 தும்பி172

பார்த்துட்டேன். சனிக்கிழமை ஆட்டம் மதியம்தான். காலை 9 மணிக்கு விமானம் புக் பண்ணியாச்சு. ஸ்ட்ரேட்டஸ் கலையலைன்னா அடுத்த வாரம்.